நிலக்கரி ஊரில் களை எடுத்தேன்

ஜெர்மனியில் டிராம் வண்டியைத் தட்டி நிறுத்த முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளா, ஏனென்றால் நான் தட்டிப் பார்த்தேன்.

நம்ம அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நகரும்போது பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்துவார். திட்டு வாங்கினாலும் ஏறிவிடலாம். அங்கே டிராம் வந்து நின்றது, கதவு மூடியே இருந்தது. திறப்பார்கள் என்று நான் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடித் தட்டினேன். அது பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த வண்டி வந்தபோது பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பெண் கதவில் இருந்த பொத்தானை அழுத்திக் காட்டினாள். ஏறுகிறவர்தான் அழுத்தித் திறக்க வேண்டுமாம். அவளுக்குக் கும்பிடு போட்டேன். அவளும் கைகூப்பிக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

நான் போன ஊரின் பெயர் கெல்சன்கிர்ஷன். என் சின்ன மகன் பூபதி அந்தப் பெயரை விழுந்த பல் இடுக்கு வழியாகச் சொல்லிச் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்துவிட்டான். அவனும் அவன் கூட்டாளிகளும் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் திருத்திக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகள் சத்யா அந்த ஊரில் நர்ஸ். மூன்று வருடமாக அங்கே இருக்கிறாள். "ஒரு தடவையாவது வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அவள் அம்மாவையும்தான் கூப்பிட்டாள். மாட்டை யார் பார்ப்பது, பூபதியை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? ஆகவே நான் மட்டும் போனேன். பெட்டியில் பாதி முறுக்கும் கடலை உருண்டையும்.

போன புதிதில் எனக்குச் சாப்பாடுதான் பெரிய வேலையாக இருந்தது. காலையில் கல் மாதிரி ஒரு ரொட்டி. மேல்தோலைக் கடித்தால் பட்டாணி உடைகிற சத்தம் வரும், உள்ளே பஞ்சு. அதை நான் முறுக்குப் பொடி தூவிச் சாப்பிட்டதைப் பார்த்துச் சத்யா தலையில் அடித்துக்கொண்டாள். மத்தியானம் வறுத்த உருளைக்கிழங்கு நீளம் நீளமாக. கூடவே தொத்திறைச்சியைத் துண்டுபோட்டு மேலே சிவப்பாக ஒரு குழம்பு ஊற்றி, மசாலாத்தூள் தூவித் தருகிறார்கள். குழம்பு என்று நம்பிச் சோறு தேடினேன். இனித்தது!

இனி அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். தரைக்கு அடியில் நிலக்கரி கிடைத்த ஊர் அது. ஊரைச் சுற்றிச் சுரங்கம், இரும்பாலை, புகைபோக்கி. காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். பக்கத்தில் ஓடிய ஆறு சாக்கடையாகவே இருந்ததாம். பூமியைக் குடைந்து குடைந்து தரையே இறங்கியதால் குழாய் பதிக்க முடியவில்லை. ஊர்க் கழிவெல்லாம் திறந்த ஆற்றில்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. புகை போனது, வேலையும் போனது. கடைகள் பூட்டப்பட்டன, பிள்ளைகள் வெளியூர் போனார்கள். இடிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் பெரிய பெரிய கட்டடங்கள் துருப்பிடித்து நின்றன.

அதன் பிறகு ஊர்க்காரர்கள் கை வைத்தார்கள். அரசாங்கமும் ஆற்றுக்கும் ரோட்டுக்கும் நிறையச் செய்தது என்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் கண்ணால் பார்த்தது சின்னச் சின்னக் காரியங்கள்.

ஒரு பழைய சுரங்கத்தின் குளியல் கூடத்துக்குச் சத்யா கூட்டிப்போனாள். கூரை உயரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் சங்கிலிகள் தொங்கின. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் நல்ல துணியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து மேலே ஏற்றிப் பூட்டிவிட்டுப் போவார்களாம். கரித்தூசி படாதாம், திருட்டும் போகாதாம். இப்போது அந்தச் சங்கிலிகளுக்குக் கீழே தெருப் பிள்ளைகள் நடனம் பழகுகிறார்கள். ஒரு மூலையில் ஓய்வுபெற்ற மூன்று பேர் யார் சைக்கிள் கொண்டுவந்தாலும் பழுது பார்க்கிறார்கள். கொக்கியில் சைக்கிள்தான் தொங்குகிறது.

ஊருக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது. புல்லும் மரமுமாக இருந்த அதன் உச்சிக்கு ஏறி இறங்கிய பிறகுதான் அது மலையே இல்லை என்று சத்யா சொன்னாள். சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி ஆன மேடாம். எனக்கு நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிற பள்ளங்கள் ஞாபகம் வந்தன. நாம் மலையை எடுத்துப் பள்ளமாக்குகிறோம், அவர்கள் பள்ளத்திலிருந்து எடுத்ததை மலையாக்கி அதில் பிள்ளைகளைப் பட்டம் விட வைத்திருக்கிறார்கள்.

சத்யா குடியிருக்கும் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. அப்படியே நம்ம ஊர்ப் பெட்டிக்கடை. பால், பேப்பர், சிகரெட், முன்னால் நின்று அரட்டை. கண்ணாடி டப்பாக்களில் விதவிதமான மிட்டாய். பிள்ளைகள் "அதுல ரெண்டு, இதுல மூணு" என்று விரல் நீட்டினால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதப் பையில் போடுவார். பொறுமைக்காரர். பெயர் ஓர்ஹான். அவருடைய தாத்தா துருக்கியிலிருந்து கரி வெட்ட வந்தவராம். அந்தத் தெருவுக்கு ஒரு செய்தி போக வேண்டுமென்றால் ஓர்ஹான் கடையில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினால் போதும்.

கடைக்குப் பின்னால்தான் அந்தத் தோட்டம் இருந்தது. முன்பு கரி வண்டிகள் வந்துபோன ரயில் பாதை ஓரம், சாம்பலும் கரியும் கொட்டிக் கிடந்த இடம். தெருக்காரர்கள் கேட்டு வாங்கித் தோட்டமாக்கியிருக்கிறார்கள். மண்ணில் பழைய நஞ்சு இருப்பதால் சாப்பிடுகிற காய்கறியைத் தரையில் போடக்கூடாதாம். அதனால் இடுப்பளவு மரப்பெட்டிகளில் நல்ல மண் நிரப்பித் தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றும் முறை. இதையெல்லாம் முன்னால் நின்று நடத்துகிறவர் ஹெல்கா. முப்பது வருடம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற அம்மா. ஆள் நல்ல உயரம். அவர் பேசுவதைச் சத்யா உடனுக்குடன் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லச் சொல்ல, பொன்னமராவதியில் இருக்கும் என் மச்சினி பேசுவது போலவே எனக்குக் கேட்டது.

நான் டிராமைத் தட்டிய கதையைச் சத்யா அவரிடம் சொல்லிவிட்டாள்.

"தட்டுனா நிக்கிறதுக்கு அது என்ன மாட்டு வண்டியான்னு கேக்குறாங்கப்பா."

"மாட்டு வண்டின்னா தட்டவே வேணாம், கூப்புட்டாலே நிக்கும்னு சொல்லு ஆத்தா."

ஹெல்கா வாய்விட்டுச் சிரித்து என் தோளில் ஒரு அடி வைத்தார். எனக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

அப்போதே ஒரு கவலையும் சொன்னார். தோட்டத்துக்குப் பக்கத்தில் புது வீடுகள் வருகின்றன. அவர்களுக்குக் கார் நிறுத்த இந்த இடம் வேண்டுமென்று பேச்சு. நகராட்சியிலிருந்து சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். சும்மா கிடக்கிற பாழ் நிலமா, உயிருள்ள இடமா என்று பார்த்து எழுதுவார்கள். அதை வைத்துத்தான் முடிவு.

நான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெட்டிகள் இருந்த பாதி பளிச்சென்று இருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் மறுபாதி புதர் மண்டிக் கிடந்தது. நம்ம பிரமத்தண்டு மாதிரி முள்ளுச்செடி, ஆளுயரத்தில் மொட்டு விட்ட ஏதோ ஒன்று, புல், கொடி. 'பார்க்க வருகிறவன் முதலில் இதைத்தானே பார்ப்பான்' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதன்கிழமை சத்யாவுக்கு இரவு டியூட்டி. "காலையில பெட்டியில இருக்கிற தக்காளிக்கு மட்டும் தண்ணி ஊத்திருங்கப்பா. நாளைக்கு நம்ம முறை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அங்கே தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் போய்விட்டேன். தண்ணீர் ஊற்றி முடித்தும் தெரு எழுந்திருக்கவில்லை. நிற்கிறேன், நிற்கிறேன், கை நமநமவென்கிறது.

உங்களுக்குத் தெரியும். நம்ம பக்கம் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது அவர்கள் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தால் நாம் என்ன செய்வோம்? வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தால் மரியாதையா? வேட்டியை மடித்துக் கட்டி ஒரு பாத்தியில் நாமும் இறங்குவோம். "நீங்க எதுக்கு, உக்காருங்க" என்பார்கள், நாம் கேட்கமாட்டோம். பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். போதாததற்கு, நம்ம கண்மாயில் சீமைக்கருவேலத்தை வீட்டுக்கு ஒரு ஆளாகச் சேர்ந்து வேரோடு தோண்டினோமே, அந்தப் பெருமை வேறு எனக்கு இன்னும் குறையவில்லை. முள்ளைக் கண்டால் விடமாட்டேன்.

கொட்டகையில் களைக்கொத்து மாதிரி ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு புதருக்குள் இறங்கினேன். வேலிக்கதவில் ஒரு பலகை இருந்தது, ஏதோ எழுதியிருந்தது. பூப்படம் போட்டிருந்ததால் தோட்டத்தின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாம்பல் மண், பொலபொலவென்று வேர் விட்டுக்கொடுத்தது. ஒன்றைக்கூட முறிக்கவில்லை. நல்ல களை எடுப்பு என்றால் அப்படித்தானே? பிடுங்கியதை உதறி, வேர் வெயிலில் காயும்படி வழியோரம் அடுக்கினேன். நிமிர்ந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கரிய தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அழகாக இருப்பதாக நினைத்தேன்.

ஹெல்கா வந்தார். கதவருகே நின்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். மெதுவாக நடந்து வந்து நான் அடுக்கிய குவியலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டியூட்டி முடித்துச் சத்யா நேராகத் தோட்டத்துக்கே வந்தாள். வந்தவள் பையைக் கீழே போட்டாள்.

"அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"களைதானே ஆத்தா…"

ஹெல்கா ஏதோ சொன்னார். சத்யா அதை எனக்குச் சொல்லவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு ஆத்தா."

"இவ்வளவு சுத்தமா எங்க ஊர்ல யாருமே வேலை செஞ்சதில்லைங்கிறாங்க."

பிறகுதான் விளங்கியது. அந்தச் சாம்பல் தரையில் முதலில் ஒரு புல்கூட முளைக்காதாம். விதை விதைக்காமல், உரம் போடாமல், யாரும் காலும் வைக்காமல் நாலு வருடமாக அந்தப் பாதியை அப்படியே விட்டுக் காத்திருக்கிறார்கள். காற்றில் வந்ததும், பழைய ரயில் பெட்டிகளில் எங்கெங்கிருந்தோ ஒட்டி வந்ததுமாக ஒவ்வொன்றாக முளைத்ததாம். அதன் பின்னால் தேனீ வந்தது, பட்டாம்பூச்சி வந்தது, முள்ளம்பன்றி மாதிரி ஒரு குட்டிப் பிராணிகூட வந்து தங்கியதாம். இந்த மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று நகராட்சிக்குக் காட்ட அவர்களிடம் இருந்த சாட்சியே அந்தப் புதர்தான். பலகையில் எழுதியிருந்தது 'தொடாதீர்கள்'.

சில செடிகளைத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வேர் காய்ந்துவிட்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் வாடித் தலை தொங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சத்யா என்னைத் திட்டவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஊறுகாயைத் தட்டில் வைத்துக்கொண்டே, எங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "வந்த மொத வருசம் டியூட்டி முடிஞ்சா ரூமு, ரூம விட்டா டியூட்டி. ஞாயித்துக்கிழமை முழுக்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கேன்பா. அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு ஜன்னல்ல உக்காந்திருப்பேன். ஒருநாள் ஹெல்கா அம்மா கீழ இருந்து, 'ஏ பொண்ணு, சும்மாதானே இருக்கே, வந்து வாளியைப் பிடி'ன்னு கூப்பிட்டாங்க. அந்தத் தோட்டத்துலதான் இந்த ஊர்ல என் பேரு நாலு பேருக்குத் தெரியும்."

மகளுக்கு அந்நிய நாட்டில் கிடைத்த ஒரு பிடி மண், அதில் போய்க் கை வைத்திருக்கிறேன்.

போனில் அவள் அம்மாவுக்குச் சொன்னேன். "ஏங்க, அங்கிட்டுப் போயும் ஒங்களுக்குக் கை சும்மா இருக்காதா? நம்ம கொல்லையில கோரை மண்டிக் கிடக்கு, அத எடுக்க ஆளக் காணோம்!" என்றாள். பிறகு குரல் தணிந்து, "புள்ளைக்கு ஏதும் பிரச்சனை வராதுல்ல?" என்று கேட்டாள்.

சாயங்காலம் சத்யாவோடு பெட்டிக்கடைக்குப் போனேன். ஹெல்கா அங்கேதான் இருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், ஓர்ஹான் கடைக்குள் குனிந்து பெரிய எழுத்தில் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என்ன எழுதுறாரு ஆத்தா?"

சத்யா படித்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "'களை தேவை. வேரோடும் மண்ணோடும் கொண்டு வரவும். அவசரம்'னு எழுதியிருக்காருப்பா."

ஓர்ஹான் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "உங்க அப்பாவ நகராட்சிக்கே வேலைக்கு அனுப்பலாம். ரோட்டோரம் பூரா ஒரே நாள்ல சுத்தமாயிரும்ங்கிறாரு." ஹெல்காவும் சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக. எனக்குப் பாதி உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் முதல் ஆளாகத் தோட்டத்தில் நின்றேன். யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். களையைச் சுமந்துகொண்டு யார் வருவார்கள்?

முதலில் வந்தவர் ஒரு முதியவர். நடக்க உதவும் சக்கர வண்டியின் கூடையில் மஞ்சள் பூப் பூத்த ஒரு செடி, மண்ணோடு. தன் வீட்டு மழைநீர்க் குழாய் இடுக்கில் இருந்ததாம். இரண்டு வருடமாகப் பிடுங்க வேண்டும் பிடுங்க வேண்டும் என்று இருந்தாராம். "பிடுங்காதது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு ஹெல்காவோடு வேலை பார்த்த டிராம் ஓட்டுநர்கள் இரண்டு பேர், சீருடையோடு, பணிமனைத் தண்டவாளத்து நடுவிலிருந்து எடுத்ததை வாளியில் கொண்டுவந்தார்கள். ஒரு டீச்சர் வகுப்பையே கூட்டி வந்தார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் பால் அட்டைப்பெட்டி, அதில் ஒரு செடி. ஓர்ஹான் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். சத்யாவின் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்து சிமெண்ட் விரிசலில் இருந்த முள்ளுச்செடியைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு டிராமில் வந்தார். மாதா கோயில் கூரை, கல்லறைச் சுவர், பூட்டிய ஆலையின் வாசல், இப்படி அந்த ஊரில் எங்கெல்லாம் இடுக்கு இருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஒவ்வொன்று வந்தது.

நான் மண்டிபோட்டு நட ஆரம்பித்தேன். வாழ்க்கை முழுக்கக் களை பிடுங்கியவன் களை நடுகிறேன். கத்தரி நாற்று நடுகிற மாதிரி கவனமாகக் குழி போட்டு, தண்ணீர் விட்டு, மண் அணைத்து நட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் ஹெல்கா கத்துவது கேட்டது.

"என்னவாம்?"

"களை எங்கயாச்சும் வரிசையில நிக்குமான்னு கேக்குறாங்கப்பா! திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். கயிறு பிடித்த மாதிரி நேர்வரிசை. செடிக்குச் செடி ஒரு முழம். பழக்க தோஷம். மறுபடியும் எடுத்துக் கலைத்து நட்டேன். கலைத்தாலும் கோணல் ஒரே மாதிரிக் கோணலாக வந்தது. கடைசியில் ஓர்ஹான் கைநிறையக் கூழாங்கல்லை அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு வீசினார். கல் விழுந்த இடத்தில் செடி. அப்படித்தான் நட்டு முடித்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல் வீச வேண்டுமென்று சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் கொண்டுபோன கடலை உருண்டை எல்லாம் அன்று அங்கேதான் தீர்ந்தது. சக்கர வண்டி முதியவர் மூன்று தின்றார். பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு உருண்டையைச் சப்பியே தின்றார்.

சனிக்கிழமை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இளைஞர், போட்டோ எடுப்பவர். இன்னொருவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர் எழுதுவதுதான் முடிவாம். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. நட்டதில் பாதி தலை நிமிர்ந்திருந்தது, பாதி தொங்கியது. நட்ட ஈரம் யார் பார்த்தாலும் தெரியும்.

"இது இப்ப நட்டது. முன்னாடி இருந்ததை யாரு எடுத்தது?" என்று கையில் இருந்த பழைய போட்டோவைக் காட்டிக் கேட்டார்.

எல்லாரும் எங்கோ பார்த்தார்கள். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சத்யா சொல்வதற்குள் நானே கையைத் தூக்கினேன்.

"ஏன்?"

"விருந்தாளியா வந்தவன் வரப்புல நின்னு வேடிக்கை பாக்கக்கூடாதுன்னு எறங்கிட்டேங்க. எங்க ஊர் வழக்கம் அது. நான் எடுத்தது அவங்க நாலு வருசமாக் காத்துக் கெடந்தது. எனக்குத் தெரியாது. ஆனா நேத்து இதுல நட்டவங்கள்ல பாதிப் பேரு யாருன்னு இவங்களுக்கே தெரியாதுங்க. எல்லாரும் தானா வந்தவங்க."

சத்யா அதை ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மா ஹெல்காவிடம், நேற்று எவ்வளவு பேர் வந்தார்கள் என்று கேட்டார். ஹெல்கா கை விரித்தார், யார் கணக்கு வைத்தார்கள்! ஓர்ஹான்தான் வேலி ஓரத்தைக் காட்டினார்.

அங்கே செடி வந்த பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. பால் பெட்டி, ஐஸ்கிரீம் டப்பா, ஓட்டை பூட்ஸ், குழந்தை குளிக்கிற தொட்டி, கைப்பிடி போன சட்டி, சுரங்கத்துக்காரர் போடுகிற ஒரு பழைய தலைக்கவசம். அந்த அம்மா அந்தக் குவியல் முன்னால் போய் நின்றார். தலைக்கவசத்தைக் கையில் எடுத்து உள்ளே ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். வைத்துவிட்டார். "வேலை நாளில் தகவல் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஊர் திரும்பிய பிறகு சத்யா போன் செய்தாள். இடம் தோட்டத்துக்கே என்று முடிவாகிவிட்டதாம், கார் நிறுத்த வேறு பக்கம் பார்க்கிறார்களாம். அவள் அம்மா மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்தச் செய்தி, அவர்கள் பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, சத்தம் இல்லை. ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அன்று நானும் சத்யாவும் ஹெல்காவும் ஓர்ஹானும் தோட்டத்துப் பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். டிராம் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கதவைத் திறந்துகொண்டு அந்தக் கண்ணாடி அம்மா வந்தார். ஆபீஸ் உடை இல்லை, கால்சட்டையும் பழைய செருப்பும். கையில் ஒரு காப்பிக் கோப்பை. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு செடி.

ஹெல்கா எழுந்துபோய் ஒரு இடத்தைக் காட்டினார். அந்த அம்மா மண்டியிட்டுக் கையாலேயே குழி தோண்டினார். நட்டார். நான் தண்ணீர் வாளியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். கை கழுவிக்கொண்டே அவர் ஏதோ சொல்ல, ஓர்ஹான் காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஆத்தா சொன்னாங்க?"

"அவங்க ஆபீஸ் படிக்கட்டு இடுக்குல முளைச்சதாம்பா. அங்கிட்டு இருந்தா யாராச்சும் பிடுங்கிப்புடுவாங்களாம், இங்கிட்டு இருந்தாத்தான் பத்திரமாம்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.